மார்மன் ஆலயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் குற்றச்சாட்டுகளும்

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை என்று இருவர் இருவராக நடந்துபோகும் இளைஞர்களைப் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களுடைய சபையின் பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. ஊரார் வைத்த பெயர் மார்மன். அந்தப் பெயரால் எங்களை அழைக்க வேண்டாம் என்று 2018-இல் அன்றைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். தேடுகிறவர்கள் இன்னும் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள் என்பதால் தலைப்பில் அதை விட்டுவைத்திருக்கிறேன்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். அதிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியவனும் அல்லன். அவர்களுடைய ஆலயங்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி அபாண்டம், பாதி நியாயம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு விற்கிறார்கள் என்பதே என் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் இடத்தைத்தானே ஆலயம் என்கிறார்கள்?

இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் பூட்டு. அன்று உறுப்பினர்கள் போவது தங்கள் பகுதியில் உள்ள சபைக் கட்டடத்துக்கு. அங்கே யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பாட்டுப் பாடுவார்கள், பிரசங்கம் இருக்கும், அப்பமும் தண்ணீரும் பகிர்வார்கள். திராட்சை ரசம் கிடையாது.

ஆலயம் வேறு. உலகம் முழுவதும் 200-க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. அங்கே வாராந்தர ஆராதனை இல்லை, பிரசங்கம் இல்லை, காணிக்கைத் தட்டும் இல்லை. வாழ்நாளில் ஒரு முறை தனக்காகவும், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் இறந்தவர்களுக்காகவும் சில சடங்குகளைச் செய்யும் இடம் அது. முதல் ஆலயம் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லண்டில் 1836-இல் அர்ப்பணிக்கப்பட்டது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு அப்போது வயது 30.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

உள்ளே நுழைந்ததும் அனுமதி அட்டையைப் பார்க்க ஒருவர் மேசையில் இருப்பார். பிறகு உடை மாற்றும் அறை. தலை முதல் கால் வரை எல்லாரும் வெள்ளைக்கு மாறிவிடுவார்கள். வங்கி மேலாளரையும் கட்டடத் தொழிலாளியையும் உடையை வைத்துப் பிரித்தறிய முடியாது. பேச்சு கிசுகிசுப்பாகத்தான்.

நடக்கும் காரியங்களை மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, இறந்தவர்களுக்கான ஞானஸ்நானம். பன்னிரண்டு காளைகளின் முதுகின் மேல் பெரிய தொட்டி ஒன்று நிற்கும். சாலொமோன் கட்டிய ஆலயத்தில் பன்னிரண்டு ரிஷபங்களின் மேல் ‘வெண்கலக் கடல்’ இருந்ததாகப் பழைய ஏற்பாடு சொல்வதை வைத்துச் செய்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் இளைஞன் நிற்பான். இறந்துபோன ஒருவரின் பெயரை வாசிப்பார்கள். அவனை முழுவதுமாக நீரில் அமிழ்த்தி எடுப்பார்கள். முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். இப்படி ஒரே ஆள் பத்துப் பதினைந்து பேருக்காக மூழ்கி எழுவது சாதாரணம். பன்னிரண்டு வயதாகும் ஆண்டிலிருந்தே பிள்ளைகள் இதில் பங்கேற்கிறார்கள்.

இரண்டாவது, ‘தரிப்பித்தல்’ என்று அவர்கள் சொல்லும் சடங்கு. முன்னதாக, சில துளித் தண்ணீராலும் எண்ணெயாலும் அடையாளமாகக் கழுவி அபிஷேகம் செய்வார்கள். பிறகு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. உலகப் படைப்பு, ஆதாம் ஏவாள், ஏதேனிலிருந்து வெளியேற்றம், திரும்பக் கடவுளிடம் சேரும் வழி என்று கதை நகரும். ஒரு காலத்தில் நடிகர்கள் நேரில் நடித்தார்கள். 1955-இல் சுவிட்சர்லாந்தில் ஆலயம் கட்டியபோது பல மொழிக்காரர்களுக்கு நடித்துக்காட்ட ஒரே அறைதான் இருந்தது. அங்கேதான் திரைப்படமாக எடுத்துக் காட்டும் வழக்கம் தொடங்கியது. கதையின் நடுநடுவே கீழ்ப்படிதல், தியாகம், சுவிசேஷம், கற்பு, அர்ப்பணிப்பு என்று ஐந்து உடன்படிக்கைகளை ஏற்பார்கள். முடிவில் ஒரு திரையைக் கடந்து அலங்காரமான அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது பரலோகத்தின் அடையாளம்.

மூன்றாவது, ‘முத்திரித்தல்’. கணவன் மனைவியை, பெற்றோர் பிள்ளைகளை மரணத்துக்குப் பிறகும் பிரியாதபடி இணைக்கும் சடங்கு. சிறிய அறை, நடுவில் மெத்தை தைத்த பலிபீடம், மணமக்கள் இருபுறமும் மண்டியிட்டுக் கைகோத்துக்கொள்வார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய கண்ணாடிகள். எழுந்து நின்று ஒன்றைப் பார்த்தால் தங்கள் உருவம் ஒன்றுக்குள் ஒன்றாக, முடிவே இல்லாமல் பின்னோக்கிப் போவது தெரியும். நித்தியம் என்பதை அதைவிட மலிவாகவும் அழகாகவும் யாராலும் காட்டிவிட முடியாது.

ஏன் இத்தனை ரகசியம்? ஒளிப்பதற்கு எதுவும் இல்லையென்றால் திறந்து காட்டலாமே?

“ரகசியம் இல்லை, பரிசுத்தம்” என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. கருவறைக்குள் யார் போகலாம் என்ற வரையறையோடு வளர்ந்த நமக்கு, கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை என்ற பலகையைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது புரியாத விஷயம் அல்ல.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். பரிசுத்தத்தைக் காக்கிறோம் என்பதோடு, கேலிக்கு அஞ்சியும் அவர்கள் நீண்ட காலம் வாய் திறக்கவில்லை. 1911-இல் நடந்த ஒரு விவகாரம் இதற்கு நல்ல சாட்சி. சால்ட் லேக் சிட்டி ஆலயம் பழுதுபார்ப்புக்காக மூடியிருந்த நேரத்தில், கிஸ்பர்ட் போசார்ட் என்ற ஜெர்மானியர் தோட்டக்காரர் ஒருவரின் உதவியோடு உள்ளே புகுந்து ஏராளமான புகைப்படங்கள் எடுத்துவிட்டார். அவருடைய கூட்டாளி சபையைத் தொடர்புகொண்டு, 1,00,000 டாலர் கொடுத்தால் படங்களைத் தருகிறோம், இல்லையேல் நாடெங்கும் காட்டுவோம் என்றார். அன்றைய தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் பேரம் பேச மறுத்தார். என்ன செய்தார்கள் தெரியுமா? சபையே தன் செலவில் உள்ளறைகளைப் படம் எடுத்து 1912-இல் நூலாக வெளியிட்டது. திருட்டுப் படங்களுக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது.

நூறு ஆண்டுகள் கழித்தும் அதே பாடத்தைத்தான் மறுபடி கற்றார்கள். ஆலய உடைகளைப் பற்றி இணையத்தில் கண்டதையும் எழுதிக்கொண்டிருந்தபோது, 2014-இல் சபையே அந்த உடைகளை மேசையில் விரித்துக் காட்டி ஒரு காணொளி வெளியிட்டது. கூச்சல் அடங்கியது. ஐந்து உடன்படிக்கைகளின் பெயர்களையும் இன்று சபையின் கையேட்டிலேயே யாரும் படிக்கலாம். சடங்கின் சில சொற்களையும் கைக்குறிகளையும் மட்டும் வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுக்கிறார்கள்.

என் கணிப்பில் ரகசியத்தின் உண்மையான பாதிப்பு வெளியாருக்கு அல்ல. தரிப்பித்தலுக்காக முதல் முறை உள்ளே போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, தான் எதற்கு வாக்குக் கொடுக்கப்போகிறோம் என்பது முன்கூட்டித் தெரியாமல் இருந்ததுதான் குறை. சுற்றிலும் அப்பா, அம்மா, அத்தை, மாமா எல்லாரும் வெள்ளை உடையில் உட்கார்ந்திருக்கும்போது “எனக்கு வேண்டாம்” என்று எழுந்துபோக யாருக்கு மனம் வரும்? அண்மைக்காலத்தில் முன்தயாரிப்பு வகுப்புகளும் விளக்கங்களும் கூடியிருக்கின்றன. அது தேவையான திருத்தம்.

பிரீமேசன்களிடமிருந்து திருடியது என்கிறார்களே?

தேதிகளைப் பார்த்தால் சந்தேகம் எழாமல் இருக்காது. 1842 மார்ச் 15, 16 ஆகிய இரு நாட்களில் இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் ஜோசப் ஸ்மித், ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரச் சங்கமான மேசன் சங்கத்தில் சேர்ந்தார். ஏழு வாரம் கழித்து மே 4 அன்று, செங்கல்லால் கட்டிய தன் கடையின் மாடியில் ஒன்பது ஆண்களுக்கு முதன்முதலாகத் ‘தரிப்பித்தல்’ சடங்கை நடத்தினார். கீழே வியாபாரம், மேலே பரலோகம். கைப்பிடிகள், குறிகள், ஏப்ரன், மூலைமட்டம், கவராயம் என்று ஒற்றுமைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அன்றைய சீடர்களே இதை மறைக்கவில்லை. ஹீபர் கிம்பல் அதே ஆண்டு எழுதிய கடிதத்தில், மேசன் சடங்கு பழைய ஆசாரியத்துவத்திலிருந்து, அதாவது சடங்கு நடத்தும் அதிகாரத்திலிருந்து, வந்து சிதைந்துபோனது, நம்மிடம் உள்ளதே அசல் என்ற பொருளில் எழுதினார்.

அந்த விளக்கம் வரலாற்றில் நிற்காது. மேசன் சடங்குகளைச் சாலொமோனின் காலம் வரை கொண்டுபோகச் சான்று எதுவும் இல்லை. ஐரோப்பியக் கொத்தர்களின் சங்கங்களிலிருந்து வளர்ந்தவை அவை. ஆனால் ‘திருட்டு’ என்ற சொல்லும் பொருந்தாது. மேசன் சடங்கில் கதை சாலொமோனின் தலைமைக் கொத்தனைப் பற்றியது. இங்கே கதை படைப்பும் மீட்பும். சட்டி அவர்களுடையது, சமையல் இவருடையது. இன்று சபையே, ஸ்மித் கற்பித்த விதத்தில் மேசன் வடிவங்கள் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்ற அளவுக்கு ஒப்புக்கொள்கிறது.

கழுத்தை அறுப்பது போலச் சைகை செய்து சத்தியம் செய்வார்கள் என்று படித்தேன். உண்மையா?

இருந்தது, இப்போது இல்லை. ரகசியத்தை வெளியிட்டால் உயிரையும் இழக்கத் தயார் என்பதைக் காட்டும் சைகைகள் 1990 ஏப்ரலில் நீக்கப்பட்டன. மற்றச் சபைகளின் போதகரைச் சாத்தானின் கூலியாளாகக் காட்டிய காட்சியும் அப்போதே போயிற்று. அதற்கும் முன்னால், ஜோசப் ஸ்மித்தைக் கொன்றவர்களைக் கடவுள் பழிவாங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரு பிரமாணம் இருந்தது. 1904-இல் தொடங்கிய ரீட் ஸ்மூட் என்ற செனட்டரைப் பற்றிய விசாரணையில் அது அமெரிக்க நாடாளுமன்றத்தில் அம்பலமாகி நாறியது. 1927-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

“கடவுள் கொடுத்த சடங்கு என்றால் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்?” என்பது இதை ஒட்டி வரும் கேள்வி. உடன்படிக்கைதான் நிலையானது, சொல்லும் விதம் மாறலாம் என்பது சபையின் பதில். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு மாறியது நல்லதாகவே படுகிறது. ஆனால் அந்தச் சைகைகளைச் செய்து நடுங்கிய பழைய தலைமுறையிடம் யாரும் உட்கார்ந்து அதைப் பேசவில்லை.

இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் என்றால் பிணத்தையா அமிழ்த்துகிறார்கள்?

இல்லவே இல்லை. உயிருள்ள ஒருவர் பதிலாளாக மூழ்குகிறார், அவ்வளவுதான். 1840 ஆகஸ்டில் ஒரு இறுதிச் சடங்கில் ஜோசப் ஸ்மித் இந்தப் போதனையைச் சொன்னார். உடனே மக்கள் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி, இறந்த தாய் தந்தையருக்காக மூழ்கத் தொடங்கிவிட்டார்கள். மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றிப் பவுல் குறிப்பிடும் ஒரு வசனம் முதலாம் கொரிந்தியரின் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மற்றச் சபைகள் அதைப் பவுலின் பரிந்துரையாக எடுத்துக்கொள்வதில்லை.

கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாமலே செத்துப்போன கோடிக்கணக்கானவர்களின் கதி என்ன என்ற பழைய கேள்விக்கு இது ஒரு விடை. ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஆல்வின் ஞானஸ்நானம் பெறாமல் இறந்ததும் அவன் நரகத்துக்குத்தான் போவான் என்பதுபோல ஒரு போதகர் பிரசங்கம் செய்ததும் ஸ்மித் குடும்பத்தை வாட்டிய காயங்கள். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் இந்த மனத்தை எளிதில் புரிந்துகொள்வார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. தர்ப்பணம் நம் முன்னோருக்கு, அவர்கள் இருந்த மரபிலேயே செய்வது. இங்கே இறந்தவருக்கு அவர் அறியாத மதத்தின் சடங்கு. ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் விருப்பம் என்கிறது சபை. இதனால் அவர் மார்மனாக மாறிவிட்டதாகக் கணக்கு வைப்பதில்லை.

இந்த ஒரு நம்பிக்கைதான் உலகின் மிகப் பெரிய வம்சாவளி ஆவணத் தொகுப்பை உருவாக்கியது. 1894-இல் யூட்டா வம்சாவளிச் சங்கம் தோன்றியது. 1938 முதல் உலகெங்கும் தேவாலயப் பதிவேடுகளையும் அரசு ஆவணங்களையும் படச்சுருளில் எடுத்தார்கள். அவற்றைச் சால்ட் லேக் சிட்டிக்கு அருகே மலையைக் குடைந்த அறையில் பாதுகாக்கிறார்கள். ஹரித்வாரில் யாத்திரிகர்களின் பரம்பரையை எழுதிவைக்கும் பண்டாக்களின் ஏடுகளைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. தாத்தாவின் தாத்தா பெயரைத் தேடுகிற எந்த மதத்தவரும் இந்தச் சேவையை இலவசமாகப் பயன்படுத்தலாம். 2008-இல் வத்திக்கான் மட்டும், பங்குப் பதிவேடுகளை இவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று மறைமாவட்டங்களுக்கு எழுதியது. காரணம் இந்த ஞானஸ்நானமே.

இனஅழிப்பில் மாண்ட யூதர்களுக்கும் செய்தார்களாமே?

செய்தார்கள். இவர்கள் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் எனக்கு மிகக் கனமாகத் தெரிவது இதுதான். யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்ட ஒருவரின் பெயரை எடுத்து, யாரிடமும் கேட்காமல், வேறொரு மதத்தின் தொட்டியில் வாசிப்பது. நல்லெண்ணத்தில் செய்தோம் என்றார்கள். அதை நம்புகிறேன். ஆனால் பல நூற்றாண்டுகளாகக் கட்டாய ஞானஸ்நானத்துக்கு அஞ்சி ஓடிய இனத்திடம் போய் நல்லெண்ணம் பேசுவது காது கேளாத பேச்சு.

1995-இல் யூத அமைப்புகளுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 3,80,000 பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவதாகவும், நேரடி முன்னோராக இருந்தாலன்றிப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்றும் சபை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபடி நடந்ததா என்றால் இல்லை. ஆர்வம் மிகுந்த உறுப்பினர்கள் பெயர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நாஜிகளைத் தேடிப் பிடித்த சைமன் வீசென்தாலின் பெற்றோருக்கும், ஆன் ஃபிராங்குக்கும் சடங்கு செய்தது 2012-இல் வெளிவந்தது. சபை மன்னிப்புக் கேட்டது. பிரபலங்களின் பெயர்களையும் இனஅழிப்பில் மாண்டவர்களின் பெயர்களையும் அனுப்பக் கூடாது என்று எல்லாச் சபைகளிலும் கடிதம் வாசிக்கப்பட்டது. பிறந்து 110 ஆண்டுகள் ஆகாதவராக இருந்தால் நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும் என்பதும் விதி.

அதே 2012-இல் மகாத்மா காந்தியின் பெயரிலும் சடங்கு நடந்திருப்பதாகச் செய்தி வந்து, வெளிநாடுவாழ் இந்துக்கள் சிலர் கண்டனம் தெரிவித்தார்கள். காந்தி இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. வீசென்தாலின் தாய் சிரித்திருக்க மாட்டார்.

உள்ளே போகக் காசு கட்ட வேண்டுமா?

வாசலில் டிக்கெட் கிடையாது. ஆனால் அனுமதி அட்டை வேண்டும். அதற்கு முதலில் உள்ளூர்ச் சபையின் ஆயர், பிறகு பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பான பிணையத் தலைவர் என்று இருவர் தனித்தனியே கேள்வி கேட்பார்கள். அட்டை இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். கேள்விகள் ரகசியம் அல்ல. 2019 அக்டோபர் மாநாட்டில் நெல்சனே மேடையில் வாசித்தார். கடவுள் நம்பிக்கை, சபைத் தலைமையை ஏற்பது, கற்பொழுக்கம், நேர்மை என்று வரிசையாகப் போகும். மது, புகையிலை, காபி, தேயிலை ஆகியவை ஆகாது. ஆம், டீயும்தான். நம்மூர்க்காரருக்குக் கற்பொழுக்கத்தைவிடக் கடினமான கேள்வி இதுவாக இருக்கும்.

அந்த வரிசையில் ஒன்று, நீங்கள் முழுத் தசமபாகம் செலுத்துகிறீர்களா என்பது. வருமானத்தில் பத்தில் ஒன்று. கொடுக்காதவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்கு ஆலயம் இல்லை. ஆலயம் இல்லாமல் மிக உயர்ந்த பரலோகம் இல்லை. “அப்படியானால் பணத்துக்குத்தானே பரலோகம்?” என்று விமர்சகர்கள் கேட்பது முரட்டுத்தனமாக இருக்கலாம், தர்க்கம் சரிதான். சபையின் பதில், தொகை முக்கியமில்லை, ஏழைக்கும் பணக்காரனுக்கும் அதே பத்தில் ஒன்று என்பது. பத்து ரூபாயில் ஒரு ரூபாயை இழப்பதும் கோடியில் பத்து லட்சத்தை இழப்பதும் வீட்டு அடுப்பில் ஒன்றாகத் தெரிவதில்லை.

2019-இல் சபையின் முதலீட்டுப் பிரிவிடம் சுமார் 10,000 கோடி டாலர் சேர்ந்திருப்பதாக முன்னாள் ஊழியர் ஒருவர் வெளிப்படுத்தியபின் இந்த விமர்சனம் சூடுபிடித்தது. அந்த முதலீடுகளைப் பல நிறுவனப் பெயர்களில் மறைத்ததற்காக 2023-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் மொத்தம் 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

மகளின் கல்யாணத்தைப் பெற்ற தாயே பார்க்க முடியாதாமே?

அட்டை இல்லாவிட்டால் முடியாது. தாய் உறுப்பினராக இல்லாவிட்டாலும், உறுப்பினராக இருந்து தசமபாகம் பாக்கி வைத்திருந்தாலும், நம்பிக்கை தளர்ந்து விலகியிருந்தாலும், காத்திருப்பு அறைதான். அமெரிக்காவில் பல தலைமுறைகளாக இப்படி நடந்திருக்கிறது. பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, வாசல் வரை கூடப் போய், கண்ணாடிக் கதவுக்கு இப்பால் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்து, அரை மணி கழித்து வெளியே வரும் மணமக்களைப் புகைப்படத்துக்காகக் கட்டிக்கொள்வது.

இதில் வேதனையைக் கூட்டியது ஒரு விதி. ஊரறியச் சட்டத் திருமணம் செய்துகொண்டு பிறகு ஆலயத்துக்குப் போகலாமே என்றால், அப்படிச் செய்தவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் ஆலயத் திருமணத்தைச் சட்டம் ஏற்காத பிரிட்டன் போன்ற நாடுகளில் அந்தக் காத்திருப்பு இல்லை. காலையில் பொதுத் திருமணம், பிறகு ஆலயம். பிரிட்டிஷ் தாய் பார்க்கலாம், அமெரிக்கத் தாய் பார்க்கக் கூடாது. இதற்கு இறையியல் காரணம் எதுவும் இருந்திருக்க முடியாது. 2019 மே 6 அன்று இந்த ஓராண்டுத் தடையை எல்லா நாடுகளிலும் நீக்கினார்கள். இப்போது பெற்றோர் முன்னிலையில் மோதிரம் மாற்றிக்கொண்டு, முத்திரித்தலுக்கு மட்டும் உள்ளே போகலாம்.

குடும்பங்கள் என்றென்றும் சேர்ந்திருக்கலாம் என்பதுதான் இந்தச் சபையின் முதல் வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்காகக் கட்டிய வீட்டின் வாசலிலேயே இத்தனை குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றிருக்கின்றன. சாத்தான் வழிபாடு, ரகசியச் சுரங்கம் என்று உளறுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கறுப்பினத்தவரை உள்ளே விடாமல் வைத்திருந்தார்களா?

1978 ஜூன் வரை. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது; ஆண், பெண் இருவருக்கும் தரிப்பித்தலும் முத்திரித்தலும் கிடையாது. ஜோசப் ஸ்மித்தின் காலத்திலேயே, 1836-இல், எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் மூப்பராக அபிஷேகம் பெற்றிருந்தார். ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் 1852-இல் தடையை வெளிப்படையாக அறிவித்தார். தச்சரான ஏபல் ஆலயங்களைக் கட்ட உழைத்தார். தரிப்பித்தல் கேட்டபோது மறுத்துவிட்டார்கள்.

ஜேன் மேனிங் ஜேம்ஸின் கதை இன்னும் கொடுமை. 1843-இல் குடும்பத்தோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தே நாவூ போய்ச் சேர்ந்தவர். ஜோசப் ஸ்மித்தின் வீட்டில் வேலை செய்தவர். முதுமையில், தன்னையும் ஆலயத்தில் முத்திரிக்க வேண்டும் என்று தலைவர்களுக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1894-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்மித் குடும்பத்துக்கு நித்தியத்துக்கும் வேலைக்காரியாக அவரை முத்திரித்தார்கள். அந்தச் சடங்குக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாள் ஒருவர் நின்றார். உயிரோடு இருந்தவருக்குப் பதிலாள்! 1908-இல் இறந்தார்.

தடை நீங்கியது ஸ்பென்சர் கிம்பல் தலைவராக இருந்தபோது. பிரேசிலின் சாவோ பாலோவில் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. கலப்பினம் மிகுந்த அந்த நாட்டில் யாருடைய இரத்தத்தில் என்ன என்று எப்படிப் பிரிப்பது என்ற நடைமுறைச் சிக்கலும் சேர்ந்து அழுத்தியது. பழைய விளக்கங்களை இன்று ஏற்பதில்லை என்று 2013-இல் சபை எழுத்தில் சொன்னது. தடையே தவறு என்று மன்னிப்புக் கேட்டதில்லை.

பெண்களுக்கு உள்ளே என்ன இடம்?

முரண்பாடான இடம். சபையில் பெண்களுக்கு ஆசாரியத்துவப் பொறுப்பு இல்லை; ஆனால் ஆலயத்தில் பெண்களைக் கழுவி அபிஷேகம் செய்வது பெண்களே. இன்னொரு புறம், 2019 வரை சடங்கின் சொற்களில் மனைவி கணவனுக்குச் செவிசாய்ப்பதாக வாக்குக் கொடுத்தாள். அந்த ஜனவரியில் அதை மாற்றினார்கள். பிரார்த்தனையின்போது பெண்கள் மட்டும் முகத்தை மூடும் வழக்கமும் அப்போதே போனது.

பலதார மணத்தை 1890-இல் விட்டாயிற்று என்றாலும் அதன் நிழல் முத்திரித்தலில் இன்னும் இருக்கிறது. மனைவியை இழந்தவர் இரண்டாவது மனைவியோடும் முத்திரிக்கப்படலாம். கணவனை இழந்தவள் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவரோடு முத்திரிக்கப்பட முடியாது. பரலோகத்தில் அவருக்கு இரு மனைவியரா என்று இரண்டாவது மனைவி கேட்டால், எல்லாம் அன்போடு சரியாகும் என்ற பதிலுக்கு மேல் கிடைப்பதில்லை.

மந்திர உள்ளாடை அணிகிறார்களாமே?

கேலிக்குரிய சொல், தவிர்க்கலாம். தரிப்பித்தல் பெற்றவர்கள் வெளி உடைக்குள் எளிய வெள்ளை உள்ளாடை அணிகிறார்கள், உடன்படிக்கையை நினைவூட்ட. பூணூலையும் சீக்கியரின் கச்சையையும் கேலி செய்யாதவர் இதையும் செய்ய வேண்டாம். மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை இருந்தது 1923-இல் குட்டையாயிற்று. 1979-இல் இரண்டு துண்டாயிற்று. 2024-இல் கையில்லாத மாதிரியை, வெயிலும் புழுக்கமும் மிகுந்த நாடுகளுக்கு முதலில், அறிவித்தார்கள். மே மாதச் சென்னையில் இதை அணிந்து நடந்தவர்களுக்கு அது தாமதமான கருணை.

மற்றக் கிறிஸ்தவர்கள் ஏன் இதை ஏற்பதில்லை?

இயேசு இறந்தபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. அதற்குப் பிறகு திரையும் தேவையில்லை, ஆலயமும் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். முத்திரித்தலுக்கு எதிராக ‘உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை’ என்ற வசனத்தைக் காட்டுவார்கள். அங்கே போய்த் திருமணம் செய்ய முடியாது என்பதால்தான் இங்கேயே முடித்துக்கொள்கிறோம் என்பது மார்மன்களின் மறுமொழி. சாமர்த்தியமான வாசிப்பு. இந்த வழக்கில் இரு தரப்பும் ஒரே புத்தகத்தைச் சாட்சிக்கு அழைப்பதால் தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இந்தியாவில் ஆலயம் உண்டா? நான் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

கோயம்புத்தூரில் 1960-களிலேயே இந்தச் சபைக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆனால் ஆலயம் என்றால் ஹாங்காங்குக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், குடும்பம் முழுவதற்கும் டிக்கெட், பல ஆண்டுச் சேமிப்பு. பாங்காக்கில் 2023-இல் ஆலயம் திறந்தபின் தூரம் கொஞ்சம் குறைந்தது. இந்தியாவின் முதல் ஆலயத்தைப் பெங்களூரில் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் நெல்சன் அறிவித்தார். 2020 டிசம்பரில் பூமி பூஜை என்று நாம் சொல்வதற்கு ஈடான நிகழ்ச்சி நடந்தது.

அர்ப்பணிப்புக்கு முன் சில வாரங்கள் எந்த ஆலயத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பது வழக்கம். அட்டை வேண்டாம், காசு வேண்டாம், யாரும் மதம் கேட்க மாட்டார்கள். காளைகளின் மேல் நிற்கும் தொட்டி, எதிரெதிர்க் கண்ணாடிகள், பரலோக அறை எல்லாவற்றையும் நடந்து பார்க்கலாம். 40 ஆண்டுகள் கட்டி 1893-இல் முடித்த சால்ட் லேக் சிட்டி ஆலயம், நிலநடுக்கத்தைத் தாங்கும் அடித்தளம் அமைக்க 2019 இறுதியில் மூடப்பட்டது. மூடிய மூன்றே மாதத்தில் நிஜமாகவே நிலநடுக்கம் வந்து, உச்சியில் நின்ற தேவதூதன் சிலையின் கையிலிருந்த எக்காளம் விழுந்தது தனிக்கதை. அதையும் 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எல்லாருக்கும் திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ள வாசலில் வெள்ளை உறை கொடுப்பது இத்தகைய நாட்களில் வழக்கம். கழற்றிவிட்டே நடக்கிறேன் என்று நம்மவர்கள் சொன்னாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.